செல்லாமல் போன ஒன்பது கட்டைகள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

என்னை வழியனுப்பிய கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்று, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் இங்கே இருந்தவருக்குச் சொல்ல அவ்வளவுதானா என்று உங்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. கேட்டது நியாயம்தான். நான்கு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. எழுதினால் கொஞ்சம் வரும். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். அதற்குமேல் படித்ததெல்லாம் பத்திரிகைதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மூவரும் பட்டம் வாங்கி வந்தவர்கள். புத்தியையும் ஞாபகத்தையும் அளக்கும் இந்தச் சோதனைகளில் எதை எப்படி நடத்துவது, எப்படி மதிப்பெண் போடுவது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் வாசல் கூடத்தில் உட்கார வைப்பேன், பெயர் கூப்பிடுவேன், சோதனைப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன், முடிந்ததும் அடுக்கி வைத்துப் பூட்டுவேன். அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. இடையில் ஒரு வருஷம் மட்டும் இல்லை. அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அப்போது நம் சோதனை மையத்தை நடத்தியவர் ஒரு மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். கரமனை அக்கிரஹாரத்துக்காரர். வந்தவர்களிடம் மலையாளமும், என்னிடம் வீட்டுத் தமிழும் பேசுவார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சோதனை முடிந்து வந்தவர்களைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன்னால், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வருவார். என்னைப் பார்த்து, "தாசையன், வெளியே எப்படி?" என்று கேட்பார்.

முதல் தடவை கேட்டபோது மழையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தேன். கூடத்தில் அந்த ஆள் எப்படி உட்கார்ந்திருந்தார், என்ன செய்தார் என்பதைத்தான் கேட்கிறார் என்று பிறகு புரிந்தது. எனக்கு இது பிடித்துப்போயிற்று. அதிகம் பேசாதவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் உள்ளே எல்லாக் கேள்விக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாராம். வெளியே அவர் கழிப்பறை எங்கே என்று என்னிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டார். நான் அதைச் சொன்னதும் மேடம் அவரை இன்னொரு நாள் வரச் சொல்லி வேறு சோதனை வைத்தார். அதில் என்ன வந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவருடைய விஷயம்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

உங்கள் பெட்டியில் இப்போதும் அந்த ஒன்பது மரக்கட்டைகள் இருக்கும். சில பக்கம் சிவப்பு, சில பக்கம் வெள்ளை, சில பக்கம் குறுக்கே பாதி சிவப்பு பாதி வெள்ளை. அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து, குறித்த நேரத்துக்குள் கட்டைகளை அதேபோல் அடுக்க வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்ததிலிருந்தே எனக்கு ஒரு ஆவல். சாயங்காலம் பெட்டியை அடுக்கும்போது ஒரு அட்டையை எடுத்து வைத்துச் செய்து பார்ப்பேன். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு எத்தனை வரை வரும் என்று தெரிந்துகொள்ள ஆசை. இரண்டு வருஷத்தில் எல்லா அட்டையும் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், மழைக்காலத்தில் ஒரு திங்கள்கிழமை, பொன்முடி தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் பெயர் இசக்கி, கொழுந்து பறிப்பவர். மகள் கனகாவுக்கு ஒன்பது வயது. அவர்களுக்குக் கொடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. மழையில் பஸ் வராமல் போனால் என்ன செய்வது என்று ஒரு நாள் முன்னாலேயே இறங்கி வந்துவிட்டார்கள். மேடம் அன்று ஊரில் இல்லை.

"நாளைக்குத்தானே உங்களுக்கு?" என்றேன்.

"தெரியும் சார். வளைவுல மண்ணு சரிஞ்சிருச்சுன்னா ரெண்டு நாளைக்கு பஸ் கிடையாது. ராத்திரி சாலைக் கடைத்தெருவுல எங்க சித்தப்பா மவன் வீடு இருக்கு, அங்க படுத்துக்கிடுவோம். அவுக வேலை முடிஞ்சு வாறது வரைக்கும் இங்கன இருக்கலாமா?"

இருக்கச் சொன்னேன். மகள் படித்த மலையாளப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் கொடுத்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். மலையாளத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். குழந்தை மூன்று வருஷமாக ஒன்றும் படிக்கவில்லை, புத்தி குறைவு என்று தோன்றுகிறது, சோதித்து எழுதிக் கொடுத்தால் நகரத்தில் உள்ள தனிப் பள்ளியின் விடுதியில் சேர்த்துவிடலாம் என்று இருந்தது.

"பெயிலானா இங்கயே விட்டுட்டுப் போணும்னு சொல்லுதாங்க," என்றார் இசக்கி. "எனக்குன்னு இருக்கது இவ ஒருத்திதான் சார். இவ இங்க, நான் மலைமேலன்னா மாசத்துக்கு ஒருக்க கூட வந்து பாக்க முடியாது. பாஸாயிருவாளா?"

"இது பாஸ், பெயில் இல்ல," என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம். ஆனால் அந்தக் கடிதம் அப்படிச் சொல்லவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

கனகா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பாவாடை விளிம்பிலிருந்து நூலை உருவிக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாலும் பதில் இல்லை. மத்தியானம் இசக்கி அசந்து தூங்கிவிட்டார். மழை. கூடத்தில் வேறு யாரும் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து அந்தக் கட்டைப் பெட்டியை எடுத்து வந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. குழந்தை பயந்துபோய் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கப்போவதை இன்றைக்குக் காட்டினால் பயம் போகும் என்று நினைத்தேன். எந்த அட்டையும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையே இல்லை, எல்லாம் என் மனசில் இருந்தது. நான் ஒன்று அடுக்கிக் காட்டினேன். அதேபோல் செய் என்றேன். வரவில்லை. மறுபடியும் காட்டினேன். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

மறுநாள் காலை சோதனை நடந்தது. மேடம் எல்லாவற்றையும் தமிழில்தான் கேட்டார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு மேடத்தின் குரல் மட்டும் கேட்டது. கனகாவின் குரல் அநேகமாகக் கேட்கவே இல்லை. பிறகு கட்டைகள் மேஜையில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் மிக வேகமாக வந்தது.

பத்தரை மணிக்கு மேடம் வெளியே வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

"இத்தனை வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததில்லையாக்கும். வார்த்தை ஒண்ணும் வரலை. கணக்கு வரலை. ஆனா கட்டையை எடுத்தாளோ இல்லையோ, கடைசி அட்டை வரைக்கும் போயிட்டா. நேரம் பாக்கி இருந்தது. இந்தக் குழந்தையைப் போய்ப் புத்தி குறைவுங்கறா." பிறகு தாளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் கேட்டார். "வெளியே எப்படி?"

"சும்மா இருந்தா மேடம்," என்றேன்.

பெட்டியைத் திறந்தது ஆசையால், இரக்கத்தால் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிலுக்கு அப்படி ஒரு சாக்கு கிடையாது. அப்போது என் மனசில் ஓடியது இதுதான்: சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் குழந்தை தாயோடு போகும். இரண்டுக்கும் ஒரே வழி வாயை மூடிக்கொள்வது. தப்பும் நல்லதும் ஒரே பக்கம் நின்றால் எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

மேடம் உட்கார்ந்து அறிக்கையைக் கையால் எழுதி முடித்தார். மூன்று மணிக்குப் பொன்முடி பஸ். அடுத்த தெருவில் இருந்த டைப் அடிக்கும் கடைக்குக் கொண்டு போய் அடித்து வாங்கி வருவது என் வேலை. நான்கு தாள்களை என் கையில் கொடுத்து, "ஓடுங்கோ, பஸ்ஸை விட்டுடப் போறா," என்றார்.

மாடிப்படியில் இறங்கினேன். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு வரி கூடப் படிக்க வராது. ஆனால் அந்தக் கட்டிடத்திலேயே அந்தத் தாளில் இருப்பது உண்மை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுதிய மேடத்துக்கே தெரியாது. பாதிப் படியில் நின்றேன். இந்தக் காகிதத்தை நம்பி அந்தப் பள்ளிக்கூடத்தில் கனகாவிடம் என்ன எதிர்பார்ப்பார்கள்? இவ்வளவு கெட்டிக்காரி, வேண்டுமென்றே படிக்கமாட்டேன் என்கிறாள் என்று சொல்ல மாட்டார்களா? புத்தி குறைவு என்று தூக்கிப் போட்டதற்குப் பதிலாக இனி பிரம்பை எடுப்பார்களா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் திருப்பியது. தெரிந்துகொள்வதற்காகத்தானே அவளை இங்கே அனுப்பினார்கள்? அதை நான் கெடுத்துவிட்டேனே.

மேலே ஏறிப்போய்த் தாள்களை மேஜைமேல் வைத்தேன்.

"என்ன, கடை அடைச்சிருக்கா?"

"இல்ல மேடம். நேத்து நான் பெட்டியத் திறந்தேன்."

முழுவதும் சொன்னேன். மேடம் நான்கு தாள்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எல்லா அட்டையும் உங்களுக்கு மனப்பாடமா?" என்றார்.

"ஆமா மேடம். ரெண்டு வருஷமா சாயங்காலம் செஞ்சு பாப்பேன். எனக்கு எத்தன வருதுன்னு அறியணும்னு ஒரு ஆசை."

"நன்னாயிருக்கு. இந்த ஊர்லயே சோதிச்சுப் பார்க்க முடியாத ஒரே ஆள் நீங்கதான், தெரிஞ்சுக்கோங்கோ. உங்களுக்கு இனி இந்தக் கட்டை செல்லாது. இப்போ அந்தக் குழந்தைக்கும் செல்லாது." தாளில் ஓரிடத்தில் பேனாவால் நீளமாகக் கோடு போட்டு அடித்தார். பிறகு எழுந்து, பெட்டியை எடுத்து, கட்டைகளைக் கொட்டினார். "உட்காருங்கோ. நீங்க கனகா. நான் தாசையன். நேத்து என்ன நடந்ததோ அப்படியே செய்யுங்கோ. ஒண்ணையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

மேடத்துக்கு எதிரில் இருந்த நாற்காலியில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். முதலில் கனகா எல்லாச் சிவப்புப் பக்கத்தையும் மேலே வைத்தாள், அப்படியே வைத்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் அதேதான். அவள் நான் அடுக்கியதைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். அதைக் கண்டுபிடித்ததும் நான் பாதிச் சிவப்புப் பக்கத்தை மெதுவாகத் திருப்பிக் காட்டினேன். அவளும் திருப்பினாள். அப்புறம் ஒரு தடவை தவறாக வைத்தபோது சரிசெய்யக் கையை நீட்டினேன், என் கையைத் தள்ளிவிட்டாள்.

"என்ன சொன்னா?"

"'மாமா, நீங்க தொடாதீங்க'ன்னா. அதுதான் அவ பேசின மொத வார்த்தை."

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். "எத்தனையாவது தடவை தள்ளினா?"

"அஞ்சாவது. அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல. நான் அடுக்குவேன், அவ பாப்பா, கலச்சிருவேன், அவ அடுக்குவா. கடைசில எனக்கு ஒண்ணு அடுக்கிக் காட்டினா."

பேனா நின்றது. "உங்களுக்கா?"

"ஆமா. அட்டைல இல்லாத ஒண்ணு. அவளாவே யோசிச்சது. ஒன்பது கட்டையும் வச்சு, கலச்சுட்டு, 'இப்ப நீங்க செய்யுங்க'ன்னா. எனக்கு வரல."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நான் காலம்பற உங்ககிட்ட வெளியே எப்படின்னு கேட்டேன். நீங்க சும்மா இருந்தாள்னேள்."

அன்று மூன்று மணி பஸ் போய்விட்டது.

அவர் புதிதாக அறிக்கை எழுதினார். முழுவதையும் எழுதிவிட்டு, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். கட்டைச் சோதனை எங்கள் பணியாளர் ஒருவரின் தவறால் செல்லாது. மற்றதில் மதிப்பெண் குறைவு. ஆனால் தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டியபோது, ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள், தானே புதிதாக ஒன்றும் செய்தாள். எனவே இப்போது இடம் மாற்ற வேண்டாம். தமிழ் தெரிந்த பிள்ளையின் பக்கத்தில், முன் பெஞ்சில் உட்கார வைத்து, செய்து காட்டிச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்ப அழைத்து வாருங்கள்.

"நேரில் பார்த்தவர் என்று கீழே உங்க கையெழுத்து வேணும். தமிழ்லயே போடுங்கோ." போட்டேன்.

மேடம் இசக்கியை உள்ளே கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். இசக்கிக்குப் பாதிதான் புரிந்தது.

"அப்ப பெயிலா மேடம்?"

"அவ இல்லை. நாங்கதான் பெயில்."

"எச்சம் ஒத்துக்கிடுவாரா?" தலைமையாசிரியரை எச்.எம். என்பார்கள், அதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். "அவரு நம்பர் கேட்டாரே. இத்தன மார்க்குன்னு எழுதி வாங்கிட்டு வான்னாரே."

"நம்பர் இல்லைன்னு சொல்லுங்கோ. ஒத்துக்கலைன்னா எனக்கு ஒரு லெட்டர் போடுங்கோ, நான் வரேன் மலைக்கு."

உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. முதலில் எழுதிய அறிக்கையை எடுத்துப் போயிருந்தால் அந்தத் தாய் நிம்மதியாகப் போயிருப்பார். இது அவரைக் கலக்கத்தோடு அனுப்பியது. கூடத்தைக் கடந்து போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்லது செய்தவனைப் பார்த்த பார்வையா, கெடுத்தவனைப் பார்த்த பார்வையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மேடம் என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அன்று முதல் அது அவருடைய கைப்பையில் இருந்தது. காலையில் அவரே அலமாரியைத் திறப்பார், மாலையில் அவரே பூட்டுவார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "வெளியே எப்படி?" என்று கேட்பதையும் நிறுத்தவில்லை. நான் சொல்வதை இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். கூடத்தில் நிற்கும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. ராணுவ சர்வீஸில் இருந்தீர்களா என்று நீங்கள் கேட்டீர்களே, பட்டாளத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மலையிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. ஒத்துக்கொண்டார்களா, விடுதியில் சேர்த்துவிட்டார்களா என்று தெரியாமல் அந்த வருஷம் போயிற்று. பொன்முடியிலிருந்து கல்லாறு வழியாக வரும் பஸ்ஸில் பாவாடை கட்டிய பெண் யாராவது இறங்கினால் தம்பானூர் பஸ் நிலையத்தில் நின்று பார்ப்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் வந்தார்கள். இந்தத் தடவை குறித்த நாளிலேயே. கனகா வளர்ந்திருந்தாள். நான்காம் வகுப்பு. அதே பள்ளிக்கூடம்.

"மேடம் எழுதினத எச்சம் ரெண்டு தடவ படிச்சாரு," என்றார் இசக்கி. "நம்பர் இல்லாம என்ன ரிப்போர்ட்டுன்னு சத்தம் போட்டாரு. அப்புறம் முன்பெஞ்சுல தூக்கிப் போட்டாரு. இப்ப எழுத்தெல்லாம் கூட்டுதா சார். கணக்குதான் தகராறு."

மேடம் அறையிலிருந்து வெளியே வந்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

கனகா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, அந்தக் கட்டைய எடுத்துட்டு வாங்க."

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "இன்னைக்கு முடியாது பிள்ள."

"பரவால்ல. நான் கொண்டாந்திருக்கேன்," என்று தன் துணிப்பையைக் கவிழ்த்தாள்.

பெஞ்சில் ஒன்பது மரத்துண்டுகள் உருண்டன. எஸ்டேட் ஆசாரி சில்வர் ஓக் மரத்தில் அறுத்துக் கொடுத்ததாம். லயத்து வரிசை வீட்டுக் கதவுக்கு அடித்த சிவப்பு, சுவருக்கு அடித்த சுண்ணாம்பு, பாதிப் பாதியாகக் குறுக்கே பூசியவையும் இருந்தன. ஒரு வருஷமாக அதை வைத்துத்தான் விளையாடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தாளாம்.

இந்தத் தடவை மேடம் வெளியே வந்து கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. கதவைத் தட்டினேன்.

"மேடம், வெளியே எப்படின்னு இப்பவே சொல்லணும்."

சொன்னேன். மேடம் வந்து அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பயம். அவர் சிரித்துவிட்டார். "போச்சு. இனிமே பொன்முடிலேர்ந்து வர எந்தக் குழந்தைக்கும் நம்ம கட்டை செல்லாது, பார்த்துக்கோங்கோ. வேற பெட்டியை எடுங்கோ."

கட்டை இல்லாத வேறு சோதனைகளை வைத்தார். இந்தத் தடவை நம்பர் வந்தது. சாதாரணக் குழந்தைகளின் நம்பர், அதிலும் கொஞ்சம் கீழ்ப்பக்கம். கனகா பெரிய கெட்டிக்காரியும் இல்லை, புத்தி குறைந்தவளும் இல்லை. தாயோடு இருந்து, அதே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம் என்று மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இசக்கி அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

டைப் அடிக்கத் தாளை வாங்கும்போது நான் கேட்டேன். "மேடம், போன வருஷம் நான் பெட்டியத் திறக்காம இருந்திருந்தா அவளுக்கு எத்தன வந்திருக்கும்?"

"தெரியாது," என்றார். "அதைத்தான் நீங்க அழிச்சுட்டேளே."

கோபமாகச் சொல்லவில்லை. நன்றாக முடிந்த பிறகும் அந்த ஒரு இடம் காலியாகவே இருக்கிறது. எந்தச் சோதனை வைத்தாலும் அதை இனி நிரப்ப முடியாது.

டைப் கடையில் இருந்து திரும்பியபோது பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கனகா பெஞ்சில் தன் கட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் மேடத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் முடிஞ்சாச்சு. அது அவ சொந்தக் கட்டை. விளையாடுங்கோ," என்றார்.

போன வருஷம் எனக்கு வராத அதே கோலத்தை அவள் மறுபடியும் அடுக்கினாள். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கலைத்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். ஏழு சரியாக வந்தது. எட்டாவதை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் கைக்கடிகாரம் கட்டியிருப்பதுபோல் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"மாமா, நேரம் முடிஞ்சு போச்சு," என்று கட்டைகளைப் பைக்குள் அள்ளிப் போட்டாள்.